கடனைச் சுமந்தவர்கள்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாட்டின் கடனைப் பற்றிப் பேச வேண்டும், பொருளியல் படிக்காதவருக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே ஒரேயொரு கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். இலங்கை அரசு வாங்கிய கடனை உண்மையில் கட்டுபவர் யார்?

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கையில், நிதியமைச்சு ஓர் அறிவித்தலை விடுத்தது. வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைக்கிறோம் என்பது அதன் சாரம். 1948 இல் சுதந்திரம் பெற்ற பின் இந்த நாடு வெளிநாட்டுக் கடனில் தவறியது அதுவே முதல் தடவை. பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டொலருக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது என்று மே மாதத் தொடக்கத்தில் அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார். 2019 முடிவில் கையிருப்பு 760 கோடி டொலராக இருந்தது. இரண்டரை ஆண்டுக்குள் அத்தனையும் கரைந்துவிட்டது.

அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை உங்களுக்குத் தெரியும். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் இரவுபகலாக வரிசை. நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் பரீட்சை நிறுத்தம். காலிமுகத்திடலில் போராட்டக்காரரின் கூடாரங்கள் எழுந்தன. ஜூலை 9 ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். 14 ஆம் திகதி சிங்கப்பூரில் இருந்து ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் பதவி விலகல் கடிதம் வந்தது.

அந்தக் கோபம் நியாயமானது. இன்றும் அப்படியே சொல்வேன். ஆனால் அந்தக் கோபத்தின் பெரும்பகுதி "திருடிய பணத்தைத் திருப்பித் தா" என்ற ஒரே கோரிக்கையில் குவிந்தது. ஊழல் நடந்தது, விசாரிக்கப்பட வேண்டும். ஆனால் ஒரு சதம் கூடத் திருடப்படாமல் இருந்திருந்தாலும் இந்தக் கணக்கு ஒரு நாள் இடித்தே இருக்கும். அரசு செலவிட்டதற்கும் வரியாகத் திரட்டியதற்கும் இடையிலான பள்ளம் அவ்வளவு பெரியது. அந்தப் பள்ளத்தைக் கடன் நிரப்பியது. வசதி படைத்தவரிடம் கேட்காமல் விட்ட வரி, வட்டியோடு திரும்பி வந்து வசதியற்றவரின் வாசலில் நின்றது. இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு விடயத்தைப் பற்றியதுதான்.

கடன் எப்படிக் குவிந்தது? நீண்டகாலமாக இலங்கை உலக வங்கியிடமும் ஆசிய அபிவிருத்தி வங்கியிடமும் ஜப்பானிடமும் வாங்கியது. வட்டி குறைவு, தவணை நீளம். நடுத்தர வருமான நாடு என்ற படிக்கு ஏறியதும் அந்தச் சலுகைக் கதவு சிறிது சிறிதாக மூடியது. 2007 இல் அரசு முதன்முதலாகச் சர்வதேச சந்தையில் முறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, விற்றது. 50 கோடி டொலர், ஐந்தாண்டுத் தவணை, 8.25 சதவீத வட்டி. அன்று எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சி அதைக் கடுமையாக எதிர்த்தது. பின்னாளில் அதே கட்சி ஆட்சிக்கு வந்தபோது அதே சந்தைக்குப் போய் இன்னும் பெருந்தொகைகளைத் திரட்டியது. 2019 வரை இது தொடர்ந்தது. கடன் தவறிய வேளையில் இந்த முறிகளின் நிலுவை 1,250 கோடி டொலரைத் தாண்டியிருந்தது.

சந்தை முறிக்கும் பழைய சலுகைக் கடனுக்கும் வட்டியில் மட்டுமல்ல வேறுபாடு. சலுகைக் கடனில் முதல், அதாவது வாங்கிய தொகை, சிறுகச் சிறுகக் கழியும். முறியில் வட்டியை ஆண்டுதோறும் கட்டிவர வேண்டும். முழு முதலும் ஒரே நாளில் முதிர்ந்து முன்னே வந்து நிற்கும். அந்த நாளில் புதிய முறி விற்றுப் பழைய முறியை அடைப்பதுதான் வழக்கம். அடுத்த முறியை யாரும் வாங்க மறுத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

நம்மிடையே பலரும் சீனாவின் கடன்பொறி என்று சொல்லக் கேட்கிறேன். அம்பாந்தோட்டைத் துறைமுகமும் மத்தள விமான நிலையமும் போதிய வருமானம் தராத முதலீடுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு சீனாவுடையதன்று, சந்தை முறிகளுடையது. துறைமுகத்தை 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்ததால் அதற்கு வாங்கிய கடன் தீர்ந்துவிட்டது என்பதும் தவறான நம்பிக்கை. குத்தகையாக வந்த 112 கோடி டொலர் செலாவணிக் கையிருப்புக்குப் போயிற்று. துறைமுகத்துக்காகச் சீன வங்கியிடம் வாங்கிய கடன் அரசின் தலையில் அப்படியே இருந்தது. சீனாவைக் குற்றம் சாட்டுவது எளிது. அது கொழும்பில் எடுத்த முடிவுகளை நம் பார்வையில் இருந்து மறைத்துவிடுகிறது.

அந்த முடிவுகளில் மிகக் கொடியது 2019 இன் இறுதியில் எடுக்கப்பட்டது. பதவிக்கு வந்த சில நாட்களிலேயே கோட்டாபயவின் புதிய அரசாங்கம் பெறுமதி சேர் வரியை (வற்) 15 சதவீதத்தில் இருந்து 8 ஆகக் குறைத்தது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியை நீக்கியது. சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்பட்ட வருமான வரியை நிறுத்தியது. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையை 120 இலட்சம் ரூபாவில் இருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தியது. 2020 இல் கொரோனாவும் வந்து சேர்ந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த வரி வருமானம் 8 ஆக வீழ்ந்தது. உலகிலேயே மிகக் குறைவாக வரி திரட்டும் அரசுகளில் ஒன்றாக நாம் ஆனோம். கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் நம்மைக் கீழே இறக்கின. முறிச் சந்தை மூடியது. 2021 இல் அரசின் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வட்டிக்கே போயிற்று. ஆசிரியர் சம்பளமும் மருந்தும் ஓய்வூதியமும் மீதியில் இருந்து வரவேண்டும். மீதி போதாது. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது.

பணத்தை அச்சிட முடியும் என்றால் பிறகு என்ன பிரச்சினை என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். ரூபாயை அச்சிடலாம், டொலரை அச்சிட முடியாது. அச்சிட்ட ரூபாயும் சும்மா இருப்பதில்லை; விலையாக வெளியே வருகிறது. 2022 மார்ச் வரை ஒரு டொலரை 203 ரூபாவுக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் நம் உறவினர்கள் வங்கியை விட்டு உண்டியல் என்ற முறைசாராப் பணமாற்றுக்குப் போனதற்குக் காரணம் அதுதான். பிடியை விட்டதும் இரண்டு மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு கொடுப்பனவை நான் மறக்கவே மாட்டேன். 2022 ஜனவரி 18 ஆம் திகதி முதிர்ந்த 50 கோடி டொலர் முறிக்கான முழுத் தொகையும் செலுத்தப்பட்டது. துறைமுகத்தில் பால்மாவும் மருந்தும் டொலர் இல்லாமல் காத்துக் கிடந்தன. அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம், இப்போதே கடன்காரருடன் பேசுங்கள் என்று பல பொருளியலாளர்கள் பகிரங்கமாக வேண்டினார்கள். அரசாங்கம் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் எப்படியும் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. ஜனவரியில் முதிர்ந்த முறியை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். வரிசையில் நின்றவர்கள் தப்பவில்லை.

இனி, சுமையின் பங்கீட்டுக்கு வருகிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு 94.9 சதவீதம். பணவீக்கம் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லாமல் விதிக்கப்படும் வரி. அது நாட்கூலிக்காரரின் சாப்பாட்டில் இருந்து நேரே எடுக்கிறது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு இயந்திரமும் தோட்டக்காரரின் நீர் இறைக்கும் இயந்திரமும் எதில் ஓடுகின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வள்ளங்கள் கரையில் கிடந்தன. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2023 இல் நாட்டு மக்களில் நான்கில் ஒருவர் வறுமையில் இருந்தார். நெருக்கடிக்கு முன்பிருந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

வற் வரி 8 இல் இருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆயிற்று. மண்வெட்டி வாங்குபவரும் மாளிகை கட்டுபவரும் ஒரே வீதத்தில் கட்டும் வரி அது. செல்வந்தரின் சொத்துக்கு உரிய வரி இன்றும் பேச்சளவில்தான் நிற்கிறது.

இவை எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது ஊழியர் சேமலாப நிதிக்கு நேர்ந்தது. சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிதி அது. தனியார் துறையில் வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி தரும் 12 சதவீதமும் மாதந்தோறும் அங்கே போகின்றன. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும், மலையகத்தில் கொழுந்து பறிப்பவரும், கடையில் நிற்கும் இளைஞரும் அதன் உறுப்பினர். ஓய்வூதியம் இல்லாத அவர்களுக்கு முதுமைக்கென்று இருக்கும் முக்கியப் பணம் அதுதான். அந்தப் பணத்தின் மிகப் பெரும்பகுதியை அரசாங்கம் திறைசேரி முறிகள் வழியாகக் கடனாக வாங்கியிருக்கிறது. தாம் அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்பதே அந்தத் தொழிலாளரில் பலருக்குத் தெரியாது.

2022 இல் அந்த நிதி தன் உறுப்பினருக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். அந்த ஆண்டு முடிவில் விலைகள் முந்திய ஆண்டு முடிவை விட 57 சதவீதம் ஏறியிருந்தன. சேமிப்பின் பெறுமதி எவ்வளவு கரைந்தது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதோடு விடவில்லை. 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. வங்கிகளுக்கு ஐந்து நாள் தொடர்ச்சியாக விடுமுறை. ஜூலை முதலாம் திகதி, சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி அதை நிறைவேற்றியது. சேமலாப நிதியும் அதுபோன்ற ஓய்வுகால நிதிகளும் தம் கையில் உள்ள முறிகளைக் கொடுத்து, நீண்டகாலத் தவணை கொண்ட புதிய முறிகளைப் பெற வேண்டும். 2025 வரை 12 சதவீத வட்டி, அதன் பின் 9 சதவீதம். மறுத்தால், அந்த நிதியின் முறி வருமானத்துக்கு 14 சதவீதமாக இருந்த வரி 30 ஆகும்.

வங்கிகளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, வங்கிகள் ஏற்கெனவே நலிந்திருக்கின்றன, தொட்டால் வைப்பாளரின் பணம் ஆபத்துக்குள்ளாகும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் உண்மை உண்டு. ஒரு வங்கி விழுந்தால் முதலில் சாவது சிறு வைப்பாளர்தான். ஆனால் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டிய அந்த நாட்களில் திறைசேரி உண்டியல் வாங்கிய தனியார் முதலீட்டாளரையும் ஏன் தொடவில்லை என்பதற்கு எனக்கு இன்றுவரை நிறைவான பதில் கிடைக்கவில்லை.

வெளிநாட்டு முறிக்காரரை எப்படி நடத்தினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு குழு இருந்தது, சட்டத்தரணிகள் இருந்தார்கள், நிதி ஆலோசகர்கள் இருந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்தது. 2024 டிசெம்பரில் முடிந்த உடன்பாட்டில் கடன் முதலில் 27 சதவீதக் கழிவுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இலங்கையின் பொருளாதாரம் எதிர்பார்த்ததை விட நன்றாக வளர்ந்தால் அந்தக் கழிவு குறையும் என்றும் எழுதிவைத்தார்கள். நாடு மீண்டால் அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கொழுந்து பறிப்பவரின் சேமலாப நிதிக்கு அப்படி ஒரு வாசகம் யாரும் எழுதவில்லை. அவருடைய பணத்துக்காகப் பேச அந்த மேசையில் ஒரு கதிரை கூடப் போடப்படவில்லை. அவர் பறிக்கும் தேயிலையும் நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வடக்கில் இருந்து பேசும்போது வேறொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 2022 இல் நாம் ஏன் தெற்கைப் போலத் தெருவுக்கு வரவில்லை என்று கொழும்பு நண்பர்கள் கேட்டார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்கள் நாம். மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை இந்த அரங்கில் இருக்கிறது. வரிசையும் தட்டுப்பாடும் தெற்குக்குப் புதிதாக வந்தன, நமக்கு அல்ல. அந்த மனத்தாங்கல் எனக்கு விளங்குகிறது. ஆயினும் கடன் என்பது கொழும்பின் விவகாரம் என்று ஒதுங்குவதை நான் ஏற்க மாட்டேன். யுத்தத்தின் செலவில் ஒரு பகுதியும் இந்தப் பொதுப்படுகடனுக்குள்தான் இருக்கிறது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னரும் பாதுகாப்பு ஒதுக்கீடு வரவு செலவுத் திட்டத்தின் மிகப் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்றாகவே தொடர்ந்தது. அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லும் தகுதி யாருக்காவது உண்டென்றால் நமக்கு உண்டு. 2022 மே 18 ஆம் திகதி காலிமுகத்திடலிலேயே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, யுத்தத்தில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். சிங்கள இளைஞர்களும் அதில் நின்றார்கள். அந்த ஒன்றுசேர்தல் தொடர்ந்து வளரவில்லை என்பது என் பெரிய ஏமாற்றம்.

அரசாங்கங்கள் ஏன் வரி கேட்பதை விடக் கடன் வாங்குவதையே விரும்பின? இதற்கான விடையின் ஒரு பகுதி 1953 இல் இருக்கிறது. கொரிய யுத்தத்தால் வந்த றப்பர் விலையேற்றம் வடிந்தது. வரவு செலவுத் திட்டத்தில் பெரிய பற்றாக்குறை. பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் அமைச்சரவை கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் பதவி விலகினார். பற்றாக்குறையை ஏழைகளின் தட்டில் இருந்து அடைக்கப் போனால் ஆட்சி போய்விடும் என்பதைப் பின்வந்த எல்லோரும் அதில் கண்டார்கள். அந்த மட்டில் சரி. பணக்காரரிடம் வரி கேட்பது என்ற அடுத்த அடியை அவர்கள் எடுத்து வைக்கவில்லை. கடன் வாங்கினால் யாரையும் பகைக்க வேண்டியதில்லை. கட்ட வேண்டிய தலைமுறைக்கு அன்று வாக்கு இல்லை.

சட்டம் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். 2003 இல் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் வந்தது. 2013 அளவில் அரசின் கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 60 சதவீதத்துக்குக் குறைப்பதாக அதில் எழுதியிருந்தது. எல்லை நெருங்கியபோதெல்லாம் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி எல்லையைத் தள்ளி வைத்தது. 2022 இல் கடன் 110 சதவீதத்தையும் கடந்தது. அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. ஆண்டுதோறும் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பது ஒதுக்கீட்டுச் சட்டத்தின் தொடக்கப் பிரிவிலேயே இருக்கிறது. நாம் வாக்களித்து அனுப்பியவர்கள்தான் அந்தத் தொகைக்குக் கை உயர்த்துகிறார்கள். அதைப் பற்றி ஒரு வாக்காளர் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்டு நான் கண்டதில்லை.

2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றை வழங்கியது. ஆட்சியில் இருந்த ராஜபக்ஷ சகோதரர்களான கோட்டாபய, மகிந்த, பசில் ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறி இந்த நெருக்கடிக்குப் பொறுப்பானார்கள் என்று அது கூறியது. வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்ப்பு. மனுதாரருக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபா கிடைத்தது. சேமிப்பை இழந்தவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதன் பின் விலைகள் அடங்கின. வரிசைகள் மறைந்தன. 2023 மார்ச்சில் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டொலர் திட்டம் நம் வரலாற்றில் 17 ஆவது. 2024 இல் மக்கள் ஆட்சியையும் மாற்றினார்கள். ஆனால் கடன் தீரவில்லை, ஒத்திப்போடப்பட்டிருக்கிறது. நாடுகளுக்குத் தரவேண்டிய கடன் முதல் 2028 இல் இருந்து மீண்டும் கட்டப்பட வேண்டும். எல்லாம் திட்டப்படி நடந்தாலும் 2032 இல் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். அதுவரை ஆண்டுதோறும் வட்டி நீங்கலாக 2.3 சதவீத உபரி காட்ட வேண்டும். அந்த உபரி மருந்தில் இருந்து வருமா, பாடசாலையில் இருந்து வருமா, படைச் செலவில் இருந்து வருமா, பெருஞ்சொத்துகளின் வரியில் இருந்து வருமா என்பது எந்த ஒப்பந்தத்திலும் முடிவாகவில்லை. இங்கேதான் முடிவாக வேண்டும்.

மாணவர்களே, வரவு செலவுத் திட்டம் மூன்று மொழிகளிலும் வெளியாகிறது. தமிழில் வாங்கிப் படியுங்கள். ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தில் கடன் எல்லை என்று வரும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் எவராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அவர் வாக்களிப்பதற்கு முன் நேரில் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரிடம் வாங்குகிறீர்கள், என்ன வட்டிக்கு, யாருடைய பணத்தில் கட்டப் போகிறீர்கள்? பதில் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நிதியமைச்சிடம் விண்ணப்பியுங்கள். 2028 வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே தொடங்குங்கள்.